கடைப் பத்திரத்தை எடுப்பதற்கு முன்



2025 வைகாசியில் ஒரு நாள் மத்தியானம், கடையில் கூட்டம் ஓய்ந்த நேரம். இருபது வருடமாக என்னிடம் சரக்கு எடுக்கும் ஒரு சில்லறைக் கடைக்காரர் வந்தார். வழக்கமாகச் சிட்டையோடு வருகிறவர், அன்றைக்கு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாகப் போட்ட ஒரு காகிதத்தோடு வந்தார். சோடாவைக்கூடக் குடிக்கவில்லை.

"பையனுக்கு அமெரிக்காவுல எம்.எஸ். எடம் கெடச்சிருக்கு அண்ணாச்சி. கவர்மெண்ட் யுனிவர்சிட்டிதான், பிரைவேட் இல்ல. பாங்குல கடைப் பத்திரத்தக் கேக்காங்க. கூட ஒரு ஜாமீன் கையெழுத்தும் வேணுமாம். நீங்கதான் போடணும்" என்றார்.

கடன் எவ்வளவு என்று கேட்டேன். 40 லட்சம் என்றார்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. நமது சங்க உறுப்பினர்களில் பலருக்கு வந்துவிட்ட, இன்னும் பலருக்கு வரப்போகிற காரியம். கரிசல் காட்டில் மழையை நம்பிப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இன்ஜினியர்கள். 1984-ல் கே. ராமசாமி அவர்கள் நமது ஊரில் நேஷனல் இன்ஜினியரிங் கல்லூரியைத் தொடங்கிய பிறகு, பஸ் ஏறாமலே படிக்க வழி பிறந்தது. பி.இ. முடித்த பிள்ளைக்கு மேலே படிக்க ஆசை வருவது நியாயம். 2024-25 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,60,000-க்கும் மேல். அதில் பாதியளவு பேர் மேற்படிப்புக்காரர்கள். ஆகவே போகலாமா, கூடாதா என்று நான் பட்டிமன்றம் வைக்க வரவில்லை. எந்தச் சரக்கை என்ன விலைக்கு, யாருடைய முதலைப் போட்டு வாங்குகிறோம் என்று பார்த்து வாங்கச் சொல்கிறேன். அவ்வளவுதான்.

'அரசு' என்ற சொல்லில் இருக்கும் மயக்கம்

நம் ஊரில் அரசுக் கல்லூரி என்றால் கட்டணம் குறைவு, தனியார் கல்லூரி என்றால் கூடுதல். இந்த எண்ணத்தை வைத்துக்கொண்டுதான் அந்த நண்பரும் 'கவர்மெண்ட் யுனிவர்சிட்டி' என்று தைரியமாகச் சொன்னார். அங்கே கதை வேறு. அங்கே பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள் மாநில அரசுகளைச் சேர்ந்தவை. அந்த மாநிலத்தில் வரி கட்டுகிறவரின் பிள்ளைக்கு ஒரு கட்டணம். அடுத்த மாநிலத்துப் பிள்ளைக்கு வேறு கட்டணம். நம்மைப் போன்ற அயல்நாட்டாருக்குச் சில இடங்களில் அதற்கும் மேலே.

இந்தியானா மாநிலத்தில் உள்ள பர்டூ பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். இன்ஜினியரிங்குக்குப் பேர்போன அரசுப் பல்கலைக்கழகம். நிலாவில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் படித்த இடம். கட்டணத்தை 2013 முதல் ஏற்றாமல் வைத்திருப்பதாகப் பெருமைப்படுகிற இடமும் அதுதான். அங்கே 2024-25-ல் இந்தியானா மாநில மாணவருக்கு ஆண்டுக் கட்டணம் 9,992 டாலர். வெளிமாநில மாணவருக்கு 28,794 டாலர். அயல்நாட்டு மாணவருக்கும் இன்ஜினியரிங் மாணவருக்கும் தனித்தனியாகக் கூடுதல் தொகை உண்டு. டாலரை 90 ரூபாய் என்று வைத்தால் முதல் ஆளுக்குச் சுமார் 9 லட்சம், இரண்டாவது ஆளுக்குச் சுமார் 26 லட்சம். ஒரே வகுப்பு, ஒரே வாத்தியார், ஒரே பெஞ்சு. விலை மட்டும் கிட்டத்தட்ட மூன்று பங்கு. தங்கல், சாப்பாடு, இன்சூரன்ஸ் எல்லாம் இதற்கு மேலே.

இதில் அவர்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் வரிப்பணம், அவர்கள் பிள்ளைக்குச் சலுகை. ஆனால் 'அரசு' என்ற சொல்லைக் கேட்டதும் நாம் பாதி விலை என்று எண்ணிவிடக் கூடாது.

கடைக்காரர்கள் கட்டிய கல்விக்கூடம்

இந்தப் பல்கலைக்கழகங்களின் பிறப்பு நம் வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. ஜஸ்டின் மாரில் என்பவர் ஒரு கொல்லருடைய மகன். மேலே படிக்க வசதி இல்லாமல் பள்ளிப் படிப்போடு நின்று, கடையில் கணக்குப்பிள்ளையாகச் சேர்ந்து, பிறகு சொந்தமாக வியாபாரம் செய்தவர். பாராளுமன்றத்துக்குப் போன பிறகு, உழவர், தொழிலாளர் பிள்ளைகளுக்கு விவசாயமும் இயந்திரத் தொழிலும் சொல்லித்தரும் கல்லூரிகள் மாநிலந்தோறும் வேண்டும் என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். 1859-ல் அன்றைய ஜனாதிபதி அதை நிராகரித்தார். மனிதர் விடவில்லை. 1862 ஜூலை 2-ஆம் தேதி, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் நிலம். அதை விற்று வந்த பணத்தில் கல்லூரி. அந்த நிலங்கள் பூர்வகுடிகளிடமிருந்து பறித்தவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பர்டூவின் கதையும் ஒரு வியாபாரியின் கதைதான். ஜான் பர்டூ ஜவுளி முதலிய சரக்குகளை விற்றுப் பொருள் சேர்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1869-ல் 1,50,000 டாலர் கொடுத்தார். கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது. வகுப்புகள் 1874-ல் தொடங்கின. இரண்டு வருடத்தில் அவர் காலமானார். அந்த வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

நமக்கு இது புதிதா? விருதுநகரில் வியாபாரிகளின் மகமையும் வீட்டுப் பெண்கள் எடுத்து வைத்த பிடி அரிசியும் பள்ளிக்கூடம் நடத்தின. அங்கே படித்தவர்தான் காமராஜர். மதுரையில் 1957-ல் கருமுத்து தியாகராசச் செட்டியார் இன்ஜினியரிங் கல்லூரி தொடங்கினார். கல்வியில் முதல் போட்ட வியாபாரி எந்த ஊரிலும் நஷ்டப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. ஆனால் அவர்கள் போட்டது தங்கள் உபரியை. கடை முதலைப் போடவில்லை. இந்த வித்தியாசத்தைத்தான் நான் வற்புறுத்துகிறேன்.

கரிசலில் இருந்து கரிசலுக்கு

மாரில் சட்டத்தை முதலில் ஏற்றுக்கொண்ட மாநிலம் அயோவா. அதுவும் ஒரு கரிசல் பூமி. அமெரிக்காவிலேயே மக்காச்சோளம் அதிகம் விளையும் மாநிலம். நமது விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கும், 2018-ல் அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு நம் நாட்டுக்குள் வந்து படுத்திய பாட்டைப் பார்த்தவர்களுக்கும் உலகம் எவ்வளவு சுருங்கிவிட்டது என்று விளக்க வேண்டியதில்லை.

அந்த அயோவா மாநிலக் கல்லூரியில் 1894-ல் பட்டமும் 1896-ல் மேற்பட்டமும் பெற்றவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர். பருத்தி போட்டுப் போட்டுச் சத்துப் போன நிலத்தில் கடலை போடச் சொல்லி ஏழை விவசாயிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். பருத்திக்கு ஆராய்ச்சிப் பண்ணையும், 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கடலை மிட்டாயும் உள்ள ஊர்க்காரர்கள் நாம். அந்தப் படிப்பு என்ன செய்யும் என்று நமக்குப் புரியும்.

அதே பல்கலைக்கழகத்துக்கு 1977-ல் நம்மவர் ஒருவர் போனார். சென்னை ஐ.ஐ.டி.யில் மெக்கானிக்கல் முடித்த சுப்ரா சுரேஷ். வயது 21. பாதி நிரம்பிய பெட்டி, கையில் 100 டாலருக்கும் குறைவு, போவதற்கு மட்டும் விமான டிக்கெட். அந்த டிக்கெட்டும் பாங்குக் கடன் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1979-ல் எம்.எஸ். முடித்து, 1981-ல் எம்.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் பெற்றார். 2010-ல் அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனத்தின் தலைவரானார். பின்னர் கார்னகி மெலன், சிங்கப்பூர் நான்யாங் ஆகிய பல்கலைக்கழகங்களுக்கும் தலைவராக இருந்தார்.

இதில் வியாபாரி கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அவர் கடன் வாங்கியது டிக்கெட்டுக்கு. அந்தக் காலத்தில் டாலர் 9 ரூபாய்க்கும் குறைவுதான் என்றாலும், அன்னியச் செலாவணிக் கட்டுப்பாடு கடுமை. எந்தக் குடும்பமும் நினைத்தபடி டாலர் அனுப்ப முடியாது. போனவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழகமே தரும் உதவித்தொகையை நம்பித்தான் போனார்கள். அவர்களைப் பார்த்து வளர்ந்த நாம், அதே 'எம்.எஸ்.' என்ற பெயரைக் கேட்டதும் அதே சரக்கு என்று நினைக்கிறோம். லேபிள் பழையதுதான். உள்ளே இருப்பது மாறிவிட்டது.

மூன்று ரகம்

விஷயம் தெரிந்தவர்களிடம் விசாரித்ததில் நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அங்கே இன்ஜினியரிங் மேற்படிப்பு மூன்று ரகம்.

முதல் ரகம், முழுக் கட்டணமும் கட்டிப் படிக்கும் எம்.எஸ். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்று போவது இதில்தான். இடம் கிடைப்பது மற்ற இரண்டை விடச் சுலபம், விலை அதிகம்.

இரண்டாவது ரகம், உதவியாளர் வேலையோடு கூடிய எம்.எஸ். ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சிக்கு உதவ வேண்டும், அல்லது கீழ் வகுப்பு மாணவர்களுக்குப் பாடம், பரீட்சைத்தாள் பார்க்க வேண்டும். வழக்கமாக வாரம் 20 மணி நேரம். அதற்கு மாதச் சம்பளம். பெரும்பாலும் கட்டணத்திலும் முழுவதுமோ ஒரு பகுதியோ தள்ளுபடி. ஆனால் எம்.எஸ். மாணவருக்கு, அதுவும் முதல் வருடத்தில், இது கிடைப்பது அரிது.

மூன்றாவது ரகம், டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சிப் படிப்பு. நல்ல பல்கலைக்கழகங்களில் இன்ஜினியரிங்கில் இதற்குச் சேர்க்கிற மாணவருக்குப் பெரும்பாலும் கட்டணமும் இல்லை, சம்பளமும் உண்டு. ஐந்தாறு வருடம் பிடிக்கும். உழைப்பு கடுமை. இடம் கிடைப்பதும் கடினம்.

நண்பரின் மகனை மறுநாள் வரச் சொன்னேன். நல்ல பிள்ளை, தலை நிமிராமல் பேசினான். "தம்பி, இதில் எந்த ரகம்?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. ஏஜென்சிக்காரர்கள் "போன பிறகு பார்த்துக்கலாம்" என்றார்களாம். சில ஏஜென்சிகள் ஆள் சேர்த்துவிடுவதற்குப் பல்கலைக்கழகத்திடமே தரகு வாங்குகிறார்கள். தரகு வாங்குவது பாவம் அல்ல. நாமும் தரகரை வைத்துத்தான் தொழில் செய்கிறோம். ஆனால் மண்டிக்குப் போனால் முதலில் கேட்பது, இவர் விற்கிறவரின் தரகரா, வாங்குகிறவரின் தரகரா என்றுதானே? மிளகாய் மூட்டையில் கையை விட்டுப் பார்க்காமல் வாங்காத நாம், 40 லட்சத்துச் சரக்கைச் சாம்பிள் பார்க்காமல் வாங்கலாமா?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கல்விக் கடனில் வழக்கமான விதி இதுதான்: 4 லட்சம் வரை ஈடு வேண்டாம். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்தை ஈடாகக் கேட்பார்கள். சில்லறைக் கடைக்காரருக்குச் சொத்து என்றால் கடைதான்.

40 லட்சம், வட்டி 10 சதவிகிதம், 10 வருடத் தவணை என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 52,900 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. நாள் ஒன்றுக்கு 1,760 ரூபாய். பலசரக்கில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் நிற்கிறது என்றால், இதற்காக மட்டும் தினம் 35,000 ரூபாய்க்குக் கூடுதலாக வியாபாரம் ஆக வேண்டும். சூப்பர் மார்க்கெட்டும் செல்போன் வியாபாரமும் நம் கல்லாவைக் கடிக்கிற காலத்தில் இது நடக்கிற காரியமா?

பையன் கட்டுவான் என்பீர்கள். வேலை கிடைத்தால் கட்டுவான், சந்தேகமில்லை. டாலர் சம்பளத்தில் சில வருடத்திலேயே அடைத்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அந்த 'கிடைத்தால்' என்ற சொல்லுக்குத்தான் நாம் கடையை ஈடு வைக்கிறோம்.

படிப்பு முடிந்ததும் அங்கே 12 மாதம் வேலை செய்ய அனுமதி உண்டு. இன்ஜினியரிங் போன்ற படிப்புக்கு இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். அதற்குள் எச்-1பி விசா கிடைக்க வேண்டும். வருடத்துக்கு 65,000, அங்கே மேற்பட்டம் பெற்றவர்களுக்கு மேலும் 20,000 என்பதுதான் பொதுவான வரம்பு. கேட்பவர்கள் பல மடங்கு. ஆகவே தேர்வு குலுக்கலில் போகிறது. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று ஓர் அறிவிப்பு வந்தது. அங்கேயே படித்து, மாணவர் விசாவிலிருந்து மாறுவோருக்கு அது பொருந்தாது என்று அடுத்த மாதம் விளக்கம் வந்தது. நண்பர் என்னிடம் வந்த அந்த வைகாசியிலேயே, மே 27-ஆம் தேதி முதல் மூன்று வாரம் மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் தேதி தருவதையே நிறுத்தி வைத்தார்கள். இடம் கையில், விசா இல்லை என்று எத்தனையோ பிள்ளைகள் தவித்தார்கள்.

டாலர் வேறு. 2025 மே மாதம் 85 ரூபாய் அளவில் இருந்தது, டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. 28,794 டாலர் கட்டணத்தில் மட்டும் இந்த ஐந்து ரூபாய் வித்தியாசம் 1,44,000 ரூபாய். நாம் ரூபாயில் கடன் வாங்கி டாலரில் சரக்கு எடுக்கிறோம். ஏற்றுமதி இறக்குமதி செய்கிறவர்கள் இந்த ஆபத்துக்கு ஏற்பாடு செய்துகொள்வார்கள். மளிகைக் கடைக்காரர் என்ன செய்வார்?

நான் போட்ட ஒரு கையெழுத்து

இவ்வளவு ஏன் யோசிக்கிறேன் என்றால், நான் ஒரு முறை கையெழுத்துப் போட்டவன். 2007-ல் உறவினர் ஒருவர் இதே மாதிரி வந்தார். யோசிக்காமல் போட்டேன். பையன் புத்திசாலி. ஆனால் அவன் படித்து முடித்த 2009-ல் அமெரிக்காவே மந்தத்தில் விழுந்து கிடந்தது. ஒன்றரை வருடம் சரியான வேலை இல்லை. பாங்கு நோட்டீஸ் என் வீட்டுக்கும் வந்தது. என் பெயர் கெடக் கூடாது என்று அவர் நாற்பது வருடக் கடையை விற்று அடைத்தார். பையன் இன்று நன்றாக இருக்கிறான். அப்பாவுக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறான். கடைதான் இல்லை. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து பழகிய மனிதர், இப்போதும் ஐந்து மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே இந்த முறை போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நண்பருக்கு முகம் வாடிவிட்டது. இரண்டு மாதம் வேறு இடத்தில் சரக்கு எடுத்தார். 'தன் பிள்ளை என்றால் இப்படிச் சொல்வாரா' என்று அவர் வீட்டில் பேசியதும் காதுக்கு வந்தது. நியாயமான கேள்விதான். ராத்திரி படுக்கையில் நானும் அதைக் கேட்டுக்கொண்டேன். என் பிள்ளை என்றாலும் கிட்டங்கிப் பத்திரத்தை எடுத்திருக்க மாட்டேன் என்றுதான் பதில் வந்தது.

தீபாவளிச் சரக்குக்கு அவரே வந்தார். பையன் சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டானாம். வேலை பார்த்துக்கொண்டே, தன் படிப்புக்கு ஏற்ற ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர்களுக்கு ஒவ்வொருவராகக் கடிதம் எழுதுகிறானாம். இரண்டு பேர் பதில் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னபோது அவர் குரலில் பழைய கலகலப்பு வந்துவிட்டது. கூடவே 'கேட்' பரீட்சைக்கும் படிக்கிறான். அதில் தேறி எம்.டெக். சேர்ந்தால் நம் நாட்டிலேயே மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதை முடித்துவிட்டு ஆராய்ச்சிக்கு அங்கே போகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு வருடம் தள்ளிப் போனதில் குடி முழுகிவிடவில்லை.

சங்கம் செய்ய வேண்டியது

என் தாழ்மையான யோசனைகள் மூன்று.

ஒன்று: ஆண்டுதோறும் ஆவணி மாதத்தில், விண்ணப்பம் தொடங்கும் சமயம், நமது சங்கக் கட்டடத்தில் ஒரு நாள் கூட்டம் போட வேண்டும். அங்கே படித்தவர், படித்துத் திரும்பியவர், ஒரு பாங்கு மேனேஜர், ஒரு கல்லூரிப் பேராசிரியர் நால்வரும் வரட்டும். பிள்ளைகளோடு பெற்றோரும் வரட்டும். சந்தேகத்தை ஏஜென்சியிடம் கேட்பதை விட இவர்களிடம் கேட்பது நல்லது.

இரண்டு: பத்திரத்தை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு உறுப்பினரும் பிள்ளையிடம் நாலு கேள்வி கேட்க வேண்டும். இது எந்த ரகம்? மாநில மாணவருக்கு என்ன கட்டணம், உனக்கு என்ன கட்டணம்? உதவியாளர் வேலை தருவதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறதா? படித்து முடித்து ஒரு வருடம் வேலை கிடைக்காவிட்டால் தவணையை யார் கட்டுவது? நாலுக்கும் காகிதத்தில் பதில் வேண்டும், வாய் வார்த்தை போதாது.

மூன்று: நமது மகமை நிதியிலிருந்து ஒரு சிறு தொகையைப் படிப்புக் கடனாக ஒதுக்க வேண்டும். உதவித்தொகையோடு இடம் கிடைத்த உறுப்பினர் பிள்ளைக்கு, அது ஆணோ பெண்ணோ, பரீட்சைக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், விமான டிக்கெட் இவற்றுக்கு வட்டியில்லாமல் கொடுப்போம். சம்பாதித்துத் திருப்பட்டும். அது அடுத்த பிள்ளைக்குப் போகட்டும்.

பிள்ளை உயரப் பறக்க வேண்டும் என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இல்லை. கடை என்பது நமக்கு வெறும் சொத்தா? அந்தப் பிள்ளைக்கு இதுவரை சோறு போட்டது அது. அதன் தங்கைக்கும் தம்பிக்கும் இனிமேல் போட வேண்டியதும் அதுதான். டிக்கெட்டுக்குக் கடன் வாங்கலாம், கடையை எழுதி வைக்க வேண்டாம்.

அந்த நண்பரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உதவித்தொகைக் கடிதம் வருகிற அன்றைக்கு டிக்கெட்டுக்கு ஜாமீன் கையெழுத்து என்னுடையது.